மோசமான நிமிடத்துக்கு ஒரு கார்டு

புனேயின் ஹடப்சரில் உள்ள அந்த ஐ.டி. நிறுவனத்தில் ஈனிட் என்று ஒருத்தி வேலை பார்க்கிறாள் என்பது பத்துப் பேருக்குத் தெரிந்திருந்தால் அதிகம். மற்ற இரண்டாயிரம் பேருக்கும் அவள் பெயர் 'டிரான்ஸ்போர்ட்'. காலை ஆறரைக்கு மேஜைத் தொலைபேசி அடிக்கத் தொடங்கும். எடுத்தால் வணக்கம் கிடையாது. "டிரான்ஸ்போர்ட்? பஸ் கிதர் ஹை?" என்று ஒரு குரல் பஸ்ஸைத் தேடும். திரையில் நகரும் புள்ளிகளைப் பார்த்து, ஃபாத்திமா நகர் தாண்டிவிட்டது, இன்னும் ஆறு நிமிடம் என்று அவள் சொல்வாள். நன்றி சொல்லாமல் வைத்துவிடுவார்கள். இருபத்திரண்டு வருடங்களில், பஸ் சரியாக வந்தது என்று சொல்வதற்காக ஒருவரும் அழைத்ததில்லை. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. ஒழுங்காக நடக்கும் வேலை யார் கண்ணிலும் படுவதில்லை. அது உலகத்தின் குறை, தன் குறை அல்ல என்று அவள் எப்போதோ முடிவு செய்திருந்தாள்.

ஐம்பத்தோரு வயது. பாளையங்கோட்டையிலிருந்து ராணுவ சப்ளை கிடங்கு வேலைக்கு வந்த குடும்பத்தில் மூன்றாவது தலைமுறை. வானவடியில் இரண்டு அறை வீடு. கணவன் நார்மன் கன்டோன்மென்ட் பள்ளி ஒன்றில் நூலகர். ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடகர் குழுவில் கனத்த குரலுக்கு இருக்கும் ஒரே ஆள். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி, காய்கறிக்காரியிடம் மராத்தி. புனேயில் அவளைப் போல ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆனால் அந்த ஆயிரம் பேரில் யாரும் மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டியிருக்க மாட்டார்கள்.

அது கொரோனா முடக்கத்தில் தொடங்கியது. பஸ்கள் நின்றுபோயின. திரையில் ஒரு புள்ளிகூட நகராத அந்த மாதங்களில், வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். அதில் சிவப்பு விளக்குக்கு நின்றாள். பயணிகள் ஏறி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு கார் பந்தயத்துக்கு வந்தாள். மேஜையில் திருகி மாட்டும் ஸ்டீயரிங், காலுக்கு இரண்டு பெடல். அவள் ஒருநாளும் எல்லாரையும் விட வேகமாக ஓட்டியதில்லை. ஆனால் நூறு சுற்று ஓட்டினால் நூறும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடியும். முதல் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் நடுவே ஒரு தும்மல் அளவுகூட வித்தியாசம் இருக்காது.

இதை முதலில் கவனித்தவன் ஜெரோஷ். கோயம்புத்தூரிலிருந்து வந்து நான்கு வருடமாக அதே நிறுவனத்தில் மென்பொருள் எழுதுகிறவன். புனே நிறுவனங்களுக்கு இடையே ஆண்டுதோறும் நடக்கும் கணினிப் பந்தயத்துக்கு நான்கு பேர் கொண்ட அணியைச் சேர்த்துக்கொண்டிருந்தான். ஆறு மணி நேரப் பந்தயம். ஆளுக்கு ஒன்றரை மணி நேரம். ஒரே காரை மாற்றி மாற்றி, அவரவர் வீட்டிலிருந்தபடியே ஓட்ட வேண்டும். முதல் பந்தயத்தில் அவள் முறை வந்தபோது, ஹெட்போனில் ஜெரோஷ் மற்றவர்களிடம் சொன்னான்: "ஈனிட்க்கா உள்ள போறாங்க. இனி ஒன்றரை மணி நேரம் நாம டீ குடிக்கலாம்."

அவள் அதை நார்மனிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் அலுவலகத்தில் யாரும் உச்சரிக்காத தன் பெயரை, மூன்று பேர் காத்திருந்து கேட்ட அந்த நொடியை அவள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

அணியில் அவளுக்கு இருந்த அந்த இடம்தான் இந்த ஜூலையில் ஆட்டம் கண்டது.

அரையிறுதிப் பந்தயத்தில் அவள் முறையில் மழை பிடித்தது. விளையாட்டுக்குள் பெய்யும் மழைதான். ஒன்பதாவது வளைவில் முன்னால் பத்துப் பன்னிரண்டு கார்கள் தண்ணீரைத் தெறிக்கவிட்டுக்கொண்டு ஒன்றாகக் குவிந்தன. அப்போது படம் அப்படியே நின்றது. அரை நொடி. மறுபடி ஓடியபோது அவள் கார் சுவரில் இருந்தது. அந்த வேகத்தில் அரை நொடி என்பது இருபத்தெட்டு மீட்டர் என்று அவள் பிறகு கணக்குப் போட்டாள். இரண்டு பஸ்ஸும் ஒரு ஆட்டோவும் வரிசையாக நிற்கும் தூரம். அவ்வளவு தூரம் அவள் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியிருக்கிறாள். அணி எப்படியோ தொங்கிக்கொண்டு இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தது.

திங்கட்கிழமை ஜெரோஷ் அவள் மேஜைக்கே வந்தான். வழக்கமாகத் தொலைபேசியில் கேட்பவன் நேரில் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டதிலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கை மேல எனக்குச் சந்தேகமே இல்ல. உங்க கம்ப்யூட்டர் மேலதான். அந்த கிராஃபிக்ஸ் கார்டுக்கு எங்க வீட்டு மிக்ஸி தேவலாம்."

"தரத்தைக் குறைச்சு வெச்சுத்தானே ஓட்டுதேன்?"

"இன்னும் குறைங்க."

"இன்னும் குறைச்சா வளைவுக்கு முன்னால இருக்க நூறு மீட்டர் போர்டு மங்கிப்போவுது தம்பி. அந்த போர்டைப் பாத்துத்தான் நான் பிரேக் அடிக்கேன். உனக்கு இருபத்தேழு வயசு, உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

அவன் முடிவைச் சொன்னான். இறுதிப் போட்டிக்கு மூன்று வாரம். அதற்கு முந்தைய வியாழக்கிழமை மழைப் பயிற்சி. அதில் படம் ஒரு தடவை நின்றாலும் அவள் இடத்தில் ரீனா ஓட்டுவாள். ரீனா லோஹேகாவில் விமானப்படைக் குடியிருப்பில் வளர்ந்த பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம், அணியின் மாற்று ஆள். ஈனிடை விட வேகமாக ஓட்டுவாள். ஈனிட் சரி என்றாள். அது நியாயம்தான் என்பதால் இன்னும் வலித்தது.

நார்மனிடம் சொன்னபோது அவன் செய்தித்தாளை மடித்துவிட்டு, "இந்த வயசுல எல்லாரும் முட்டிக்கு பெல்ட் வாங்குதாங்க. நீ கம்ப்யூட்டருக்கு என்னமோ வாங்கணும்ங்கே" என்றான். பிறகு, எவ்வளவு ஆகும் என்று கேட்காமல், எப்போது போகலாம் என்று கேட்டான். முப்பதாயிரத்துக்கு மேல் போவதில்லை என்று அவளே ஒரு கோடு போட்டுக்கொண்டாள். அந்த விலையில் கிடைப்பவை நடுத்தர கார்டுகள். மிக உயர்ந்ததும் அல்ல, மிகத் தாழ்ந்ததும் அல்ல. அதனால்தான் தேர்வு கடினம். உச்சியில் உள்ளதை வாங்குகிறவனுக்கு யோசனை வேண்டாம், பணம் போதும். நடுவில் நிற்கிறவன்தான் எதை விட்டுக்கொடுப்பது என்று யோசிக்க வேண்டும்.

ஜெரோஷ் ஒரு பட்டியல் அனுப்பினான். அதில் முதலிடத்தில் இருந்த கார்டுக்குப் பச்சை வண்ணம் அடித்திருந்தான். புதிதாக வந்தது, எட்டு ஜிபி நினைவகம். திரையில் தெரிவது உண்மையில் ஓடும் படமல்ல. நொடிக்கு நூறு தடவை புதிதாக வரையப்படும் அசையாப் படங்கள். அவற்றை வரைந்து தள்ளுவதே கார்டின் வேலை. பச்சைக் கார்டு சராசரியாக நொடிக்கு நூற்றிருபது படம் வரையும். அதோடு, இரண்டு உண்மைப் படங்களுக்கு நடுவே தானாக ஒரு படத்தை ஊகித்துச் செருகவும் செய்யும். அதைச் சேர்த்தால் நூற்றெழுபது. பட்டியலில் நான்காவதாக இருந்தது முந்தைய வரிசைக் கார்டு. பன்னிரண்டு ஜிபி நினைவகம், சராசரி தொண்ணூற்றைந்து. அதன் எதிரே ஜெரோஷ் 'பழசு' என்று எழுதியிருந்தான்.

ஈனிட் ஒரு வாரம் மாலைகளில் வீடியோக்கள் பார்த்தாள். இளைஞர்கள் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்கள். திரையில் நீளநீளமாகப் பட்டைகள் வளர்ந்தன. எந்தப் பட்டை நீளமோ அது நல்ல கார்டு. மூன்றாம் நாள்தான் அவள் ஒன்றைக் கவனித்தாள். ஒவ்வொரு நீளப் பட்டைக்கும் கீழே இன்னொரு குட்டிப் பட்டை இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. வீடியோவை நிறுத்தி, அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தாள். நூறு படங்களில் மிகத் தாமதமாக வந்த ஒன்று என்ன வேகத்தில் வந்தது என்பதைக் காட்டும் பட்டை அது.

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்தப் பட்டையை அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாகத் தெரியும்.

அலுவலகத்தில் மாதந்தோறும் பஸ்களின் சராசரித் தாமதம் எவ்வளவு என்று மேலே இருப்பவர்கள் கேட்பார்கள். நான்கு நிமிடம் என்று போகும். நான்கு நிமிடம் என்றால் எல்லாருக்கும் திருப்தி. ஆனால் ஒரு மாதம், லோஹேகாவில் மழையில் ஐம்பது நிமிடம் நின்ற ஒரு பெண், மறுநாள் வேலையை விட்டே போனாள். அந்த மாதமும் சராசரி நான்குதான். சராசரி என்பது யாருக்கும் நேராத ஒரு நாள். அதில் ஏறி யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அன்றிலிருந்து ஈனிட் தனியாக ஒரு நோட்டு வைத்துக்கொண்டாள். அதில் சராசரி கிடையாது. ஒவ்வொரு தடத்துக்கும் அந்த மாதத்தின் மிக மோசமான நாள் மட்டும். தடத்தை மாற்றுவதும், டிரைவரை மாற்றுவதும், பெரிய பஸ்ஸை எடுத்துவிட்டுச் சிறியதைப் போடுவதும் அந்த நோட்டைப் பார்த்துத்தான். அதைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

ஊகித்துச் செருகும் படமும் அவளுக்குப் புதிதல்ல. பஸ்களின் இருப்பிடம் காட்டும் செயலியிலும் அது உண்டு. சிக்னல் போய்விட்டால் பஸ் இந்நேரம் இங்கே வந்திருக்கும் என்று செயலி தானே ஒரு புள்ளியை நகர்த்தும். அந்தப் புள்ளியை நம்பிக் குடையோடு இறங்கி வந்து, வராத பஸ்ஸுக்குக் கை காட்டியவர்கள் அவளிடம் கத்தியிருக்கிறார்கள்.

"அப்ப எது வாங்கணும்னு தெரிஞ்சு போச்சா?" என்று நார்மன் கேட்டான்.

"இல்ல. அது அவங்களோட மோசமான நிமிஷம். என்னோடதைப் போட்டுப் பாக்கணும்."

அரையிறுதிப் பந்தயத்தின் பதிவு கம்ப்யூட்டரிலேயே இருந்தது. ஒன்பதாவது வளைவு, மழை, தண்ணீர், சுவர். அந்த ஒரு நிமிடத்தை அவள் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டாள். பிறகு சனிக்கிழமை காலை, சிபியு என்று எல்லாரும் சொல்லும் அந்தக் கறுப்புப் பெட்டியை ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, தன்னுடைய ரெயின்கோட்டை அதற்கு மாட்டி, பட்டன்களையும் போட்டுவிட்டாள். பின்னால் உட்கார்ந்த நார்மன் குடை பிடித்தும் பயனில்லை. வானவடியிலிருந்து திலக் சாலைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, மூன்று பேரில் நனையாமல் இருந்தது அந்தப் பெட்டி மட்டும்தான்.

கடைக்காரர் மராத்திக்காரர், ஐம்பதை நெருங்குகிறவர். வருகிறவர்கள் எல்லாம் கார்டின் எண்ணைச் சொல்லி விலை கேட்டுத்தான் அவருக்குப் பழக்கம். ஒரு பெண்மணி கம்ப்யூட்டரையே இறக்கிவைத்து, இரண்டு கார்டையும் இதில் மாட்டிக் காட்டுங்கள், ஒரே ஒரு நிமிடம் ஓட விட்டால் போதும் என்று கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். புதுப்பெட்டியைப் பிரித்தால் யார் வாங்குவார்கள் என்றார். ஷோகேஸில் காட்சிக்கு வைத்திருப்பதை மாட்டுங்கள் என்று ஈனிட் மராத்தியில் சொன்னாள். கார் வாங்குகிறவன் பேப்பரைப் பார்த்தா வாங்குகிறான், ஓட்டிப் பார்க்காமலா என்றும் கேட்டாள். வெளியே கனத்த மழை. கடையில் வேறு ஆள் இல்லை. அவர் திருப்புளியை எடுத்தார்.

முதலில் பச்சைக் கார்டு. திரையின் மூலையில் எண்கள் ஓடின. நூற்றுப் பதினெட்டு, நூற்றிருபத்திரண்டு. கடைக்காரர் பெருமையாகப் பார்த்தார். அவளுடைய பழைய கார்டோடு ஒப்பிட்டால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தது போல இருந்தது. எட்டாவது வளைவு போயிற்று. ஒன்பதில் கார்கள் குவிந்தன, தண்ணீர் எழுந்தது. படம் சிலிர்த்தது. நிற்கவில்லை, ஆனால் கால் தடுக்கிச் சமாளித்துக்கொண்டவனைப் போல ஒரு கணம் தயங்கிப் போனது. மூலையில் எண் முப்பத்தொன்றுக்கு இறங்கி, உடனே மேலே ஏறிவிட்டது. கண்ணிமைத்திருந்தால் தெரிந்திருக்காது. ஈனிட் இமைக்கவில்லை. ஊகப் படங்களையும் சேர்த்து ஒருமுறை ஓட்டச் சொன்னாள். எண் எகிறியது; தடுக்கல் அதே இடத்தில் அப்படியே இருந்தது.

பிறகு பழைய வரிசைக் கார்டு. செங்கல் போலத் தடிமன். தொண்ணூற்றேழு, தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு. பார்க்கச் சலிப்பாக இருந்தது. ஒன்பதாவது வளைவு வந்தது. கார்கள் குவிந்தன. எண் எழுபத்தெட்டுக்கு இறங்கியது. அங்கேயே நின்று, வளைவு முடிந்ததும் மறுபடி தொண்ணூற்றைந்துக்கு ஏறியது. பதிவில் அவள் கார் சுவரில் மோதியது. ஆனால் இந்த முறை சுவர் வருவதை அவளால் பார்க்க முடிந்தது.

"இன்னொரு வாட்டி போடச் சொல்லு" என்றான் நார்மன், மெதுவாக. அவனுக்கும் தெரிந்துவிட்டது.

மூன்று தடவை ஓட்டினார்கள். எழுபத்தெட்டு, எழுபத்தேழு, எழுபத்தெட்டு. ஏன் இப்படி என்று கடைக்காரரே விளக்கினார். அவ்வளவு மழையும் கார்களும் ஒரே நேரத்தில் வரும்போது எட்டு ஜிபி நிரம்பி வழிகிறது. வழிந்ததைக் கம்ப்யூட்டரின் பொது நினைவகத்தில் போய் எடுத்துவர வேண்டும்; உங்கள் மதர்போர்டு வேறு பழசு, போய்வரும் பாதை குறுகல். பன்னிரண்டு ஜிபிக்கு எங்கும் போக வேண்டியதில்லை. இதைச் சொல்லிவிட்டு அவர் தலையைச் சொறிந்தார். இருபது வருடமாகக் கார்டு விற்கிறேன், வாங்க வருகிற யாரும் எது மோசமாகப் போகும் என்று கேட்டதில்லை என்றார். அவள் பதிவைத் தன் கடைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார். ஈனிட் யோசித்துவிட்டு, வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மோதுவது யார் என்று சொல்லாதீர்கள் என்றாள்.

ஜெரோஷுக்குத் தகவல் அனுப்பினாள். பதில் உடனே வந்தது: 'அக்கா பழசையா வாங்குனீங்க? சராசரி பாத்தீங்களா?' அதற்குக் கீழே தலையில் கை வைத்த ஒரு பொம்மை.

வீட்டுக்கு வந்து பெட்டியை மேஜையில் ஏற்றி, எல்லா வயரையும் மாட்டி, பவர் போட்டபோது தான் செய்த தவறு தெரிந்தது. எல்லாம் ஓடியது, இன்டர்நெட் மட்டும் இல்லை. புதிய கார்டின் தடிமனுக்கு இடம் விடுவதற்காகக் கடைக்காரர் பக்கத்திலிருந்த சின்ன வைஃபை கார்டைக் கழற்றி ஒரு கவரில் போட்டுக் கொடுத்திருந்தார். சொல்லிக்கொண்டேதான் கொடுத்தார், எழுபத்தெட்டு என்ற எண்ணின் சந்தோஷத்தில் ஈனிட் தலையாட்டியிருந்தாள். மோசமான நிமிடத்தை இத்தனை நுணுக்கமாகச் சோதித்தவள், வயர் இல்லாமல் வீட்டுக்குள் வரும் இணைப்பைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஒன்றை உற்றுப் பார்க்கிறவருக்குப் பக்கத்தில் இருப்பது மறைந்துபோகிறது. அவள் கட்டிலில் உட்கார்ந்து அந்தக் கவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நார்மன் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அரை மணி கழித்து, தோளில் இருபது மீட்டர் மஞ்சள் நிற நெட்வொர்க் வயரோடு வந்தான். ரவுட்டர் முன்னறையில் டிவி பக்கத்தில் இருந்தது, கம்ப்யூட்டர் படுக்கையறையில். வயர் முன்னறைத் தரையைக் குறுக்கே கடந்து, சமையலறை வாசலை ஒட்டி, கதவிடுக்கு வழியாகப் போயிற்று.

"யாராவது தடுக்கினா?" என்றாள் ஈனிட்.

"தடுக்க மாட்டாங்க. நான் இருக்கேன்லா."

வியாழக்கிழமை மழைப் பயிற்சியில் அவள் முப்பது சுற்று ஓட்டினாள். ஜெரோஷ் அவள் திரையைத் தன் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு முறையும் படம் நிற்கவில்லை. முடிந்ததும் அவன் கடைசிப் பட்டியலில் மூன்றாவது முறைக்கு நேரே அவள் பெயரை எழுதி அனுப்பினான். அவ்வளவுதான். சிறிது நேரத்தில் ரீனா தனியாக அழைத்தாள். அவளுக்குத் தமிழ் தயங்கித் தயங்கித்தான் வரும்.

"ஆண்ட்டி, நீங்க நல்லா... ஓட்டினீங்க. எனக்குக் கொஞ்சம் புரா லகா. வருத்தம். ஆனா சரிதான். ஞாயித்துக்கிழமை மழை எப்ப வரும்னு நான் உங்களுக்குச் சொல்றேன்."

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு இருபத்து நான்கு கார்கள் கிளம்பின. முதல் இருவர் ஓட்டி முடித்து, ஐந்து மணிக்கு ஈனிட் கையில் காரைக் கொடுத்தபோது அணி ஐந்தாவது இடத்தில் இருந்தது. மூலையில் எண் காட்டும் வசதியை அவள் அணைத்துவிட்டாள். அந்த எண்ணோடு அவளுக்கு இனி வேலை இல்லை.

ஐந்து இருபதுக்கு ரீனா காதில் சொன்னாள், அடுத்த சுற்றில் மழை என்று. ஜன்னலுக்கு வெளியே வானவடியிலும் மழை பெய்துகொண்டிருந்தது. சாலை கறுத்தது. முன்னால் போனவர்கள் எழுப்பிய தண்ணீரில் எல்லாம் வெள்ளையானது. ஒன்பதாவது வளைவு. அவள் தோள் தானாக இறுகியது. மூன்று வாரமாகக் கனவில் அந்தச் சுவரைப் பார்த்திருந்தாள். நூறு மீட்டர் போர்டு தெரிந்தது. தெளிவாக, அதன் ஓரத்தில் பெயர்ந்திருந்த வண்ணம்கூடத் தெரிந்தது. பிரேக் அடித்தாள். படம் நின்றுவிடும் என்று உடம்பு எதிர்பார்த்த அந்த இடத்தில் படம் ஓடிக்கொண்டே இருந்தது. வளைவு முடிந்தது. அடுத்த சுற்றிலும் முடிந்தது. அதற்கடுத்த சுற்றில் தோள் இறுகவில்லை.

பிறகு நடந்ததில் அவளுடைய சாகசம் எதுவும் இல்லை. அவள் யாரையும் துரத்தவில்லை. ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றைப் போலவே ஓட்டினாள். மழையில் மற்றவர்கள்தான் தங்கள் மோசமான நிமிடங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவன் புல்லில் இறங்கினான். இருவர் ஒன்பதாவது வளைவில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு குறுக்கே நின்றார்கள். அவள் தண்ணீருக்குள் அவர்களைப் பார்த்துவிட்டு, இடது பக்கம் ஒரு கார் அகலத்தில் இருந்த இடைவெளியில் புகுந்து போனாள். ஹெட்போனில் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. முன்னால் இருந்த கடைசிக் கார், அவள் பின்னால் வருவதைத் தாங்க முடியாமல் வேகமெடுத்து, வளைவில் அகலமாகப் போய் வழி விட்டது.

முன்னறையில் வேறொரு கதை நடந்தது. மஞ்சள் வயரின் மேல் நாற்காலி போட்டு, இரண்டு காலுக்கும் நடுவே வயரை வைத்துக்கொண்டு, மடியில் புத்தகத்தோடு நார்மன் காவல் இருந்தான். கீழ்வீட்டு பாத்திமா ஒரு டப்பாவில் பிரியாணி கொண்டுவந்தார். வாசலிலேயே அவரை நிறுத்தி, டப்பாவைக் கை நீட்டி வாங்கி, உள்ளே பந்தயம் நடக்கிறது, யாரும் நடமாடக் கூடாது என்று நார்மன் கிசுகிசுத்தான். என்ன பந்தயம் என்று பாத்திமா கேட்டார். கேட்டுவிட்டு அவரும் போகாமல் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒன்றரை மணி நேரத்தில் நார்மன் ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

ஆறரை மணிக்கு ஈனிட் காரை ஜெரோஷிடம் ஒப்படைத்தபோது அது முதலிடத்தில் இருந்தது, இரண்டாவது காருக்குப் பதினான்கு நொடி முன்னால். ஹெட்போனைக் கழற்றினாள். முன்னறைக்கு வந்து வயரைக் கவனமாகத் தாண்டி, சோபாவில் உட்கார்ந்து பிரியாணியைச் சாப்பிட்டாள். எட்டு மணிக்கு ஜெரோஷ் ஆறு நொடி வித்தியாசத்தில் முதலாவதாக முடித்தான். ஹெட்போனை அவள் மறுபடி மாட்டியபோது எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ரீனா இந்தியில் பாடிக்கொண்டிருந்தாள். சத்தம் அடங்கியதும் ஜெரோஷ் கேட்டான்.

"அக்கா, சராசரி எவ்வளவு வந்துச்சு?"

"பாக்கல."

அவன் சிரித்தான். பிறகு, சிரிப்பு அடங்கிய குரலில், அந்தக் கார்டின் பெயரை இன்னொரு தடவை அனுப்பச் சொன்னான்.

மறுநாள் காலை ஆறரைக்கு அவள் தன் மேஜையில் இருந்தாள். பத்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தது. லோஹேகாவ் நிறுத்தத்திலிருந்து யாரோ ஒருவர், குரல் பழக்கமில்லாதது. "ஈனிட் மேடமா?" என்று இந்தியில் கேட்டார். ஆமாம் என்றாள். நேற்று பந்தயத்தை நேரலையில் பார்த்ததாகவும், ஒன்பதாவது வளைவில் குறுக்கே நின்ற இரண்டு கார்களின் ஓரமாக அவள் புகுந்துபோனதைத் தன் மனைவியைக் கூப்பிட்டுத் திரும்பப் போட்டுக் காட்டியதாகவும் சொன்னார். ஈனிட் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பதினாலாம் நம்பர் பஸ் எங்கே என்று கேட்டார்.